எதிர்ப்பு சக்தி குறைந்துதான் இந்த வயிற்று எரிச்சல் வந்ததா?

கடிதம் எழுதியவருக்கு வயது 43. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டு வருடமாக மேல்வயிற்றில் எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டிய உணர்வு, ஓயாத ஏப்பம். மெடிக்கலில் ஆசிட்டைக் குறைக்கும் பேன்டோபிரசோல் வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். இடுப்பு வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக். இரண்டு மாதம் முன்பு என்டோஸ்கோபி செய்து, இரைப்பையிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற பாக்டீரியா இருப்பது தெரிந்தது. 14 நாளுக்கு நான்கு வகை மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வாயெல்லாம் கசந்து, மலமும் கறுப்பாகப் போக, உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டார்.

"உங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி மாமா, அதை ஏத்தினா கிருமி தானா போயிடும்" என்று மச்சான் சொன்னாராம். மூன்று வாரமாகக் கஷாயம், துத்தநாகம் கலந்த விட்டமின் மாத்திரை, டப்பாவில் வரும் ஏதோ ஒரு பவுடர். இதற்கிடையே ரிப்போர்ட்டில் 'லிம்பாய்டு ஃபாலிக்கிள்' என்ற வார்த்தையைப் பார்த்து கூகுளில் தேடியிருக்கிறார். இவருடைய அப்பா இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

முக்கியமான கேள்விகள் நான்கு. எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? ரத்தத்தில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் உடம்பு ஜெயித்துவிட்டது என்று அர்த்தமா? ரிப்போர்ட்டில் உள்ள வெள்ளையணுக்கள் புற்றுநோயா? வீட்டில் மற்றவர்களும் பரிசோதிக்க வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததைப் பேசிவிடுவோம். நீங்கள் அனுப்பிய பயாப்ஸி ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தேன். அதில் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு முந்தைய படிகள் என்று நாங்கள் முக்கியமாகத் தேடுவது இரண்டை: இரைப்பையின் சுரப்பிகள் தேய்ந்துபோவது, அதன் உட்சுவர் குடலின் உட்சுவர் மாதிரி மாறிவிடுவது. இரண்டுமே 'இல்லை' என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு வரியைத்தான் நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டும். ஆனால் யாருக்கும் கண் பயமுறுத்தும் வார்த்தையில்தான் போய் நிற்கும்.

ரிப்போர்ட்டில் உள்ள "க்ரானிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ்" (கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி) என்பதை "முற்றிப்போய் வேகமாகப் பரவுகிறது" என்று புரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இங்கே 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. லிம்போசைட், பிளாஸ்மா செல் என்ற வகை வெள்ளையணுக்கள் அங்கே குடியேறிவிட்டன என்பதற்கான சொல் அது. 'ஆக்டிவ்' என்றால் நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதாவது பழைய சண்டை, இன்னும் ஓயவில்லை. அவ்வளவுதான் அந்த மூன்று வார்த்தைக்கு அர்த்தம்.

உங்கள் எதிர்ப்பு சக்திக்கு ஒரு குறையும் இல்லை

மச்சான் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் விஷயம் நேர்மாறானது. உங்கள் இரைப்பை அழன்றுபோயிருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் உங்கள் எதிர்ப்பு சக்தி வேலை செய்வதுதான். கிருமி மட்டும் இருந்து, வெள்ளையணுக்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் ரிப்போர்ட் இப்படி வந்திருக்காது.

இதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். பிறவியிலேயே டி, பி என்ற இரண்டு வகை லிம்போசைட்டும் இல்லாத எலிகளுக்கு இந்தக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி ஏராளமாகப் பெருகியது, ஆனால் இரைப்பையில் அழற்சி பெரிதாக இல்லை. அதே எலிகளுக்கு நல்ல எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த எதிர்ப்பு செல்களைச் செலுத்தியதும் கிருமி குறைந்தது, இரைப்பையோ கடுமையாக அழன்றுபோனது. கிருமி குறைவதும் இரைப்பை நோவதும் கூடவே வந்தன.

மனிதரிலும் ஒரு சாட்சி உண்டு, அதுவும் ஒரு டாக்டர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் நிபுணர் 1979-லேயே அழற்சி உள்ள இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்தார். பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்துகொண்டு 1982-ல் அதை ஆய்வகத்தில் வளர்த்தார். ஆசிட் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழும் என்று அப்போது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் தன் இரைப்பையில் கோளாறு இல்லை என்று என்டோஸ்கோபியில் உறுதி செய்துகொண்டு, கிருமி கலந்த திரவத்தை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி. வாய் நாறுகிறது என்று வீட்டில் சொன்னார்களாம். இரண்டு வாரத்துக்குள் எடுத்த பயாப்ஸியில் நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வந்திருந்தன. அப்போது அவருக்கு வயது 32, நல்ல ஆரோக்கியம். எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்தது என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் குடித்துப் பார்க்க வேண்டாம்.)

அப்படியானால் ஏன் ஜெயிக்க முடியவில்லை?

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடும். உள்ளே போனதும் யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை அம்மோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றியிருக்கும் ஆசிட்டைத் தணித்துக்கொள்ளும். என்டோஸ்கோபி அறையில் நாங்கள் செய்யும் உடனடிச் சோதனை இதை வைத்துத்தான். துணுக்கை மஞ்சள் ஜெல்லில் வைப்போம். கிருமி இருந்தால், நோயாளி எழுந்து சட்டையை மாட்டுவதற்குள்ளேயே சில சமயம் அது ரோஸ் நிறமாகிவிடும். ஆசிட்டைச் சமாளித்த கிருமி, வால் போன்ற இழைகளை ஆட்டிக்கொண்டு, இரைப்பைச் சுவரைப் பூசியிருக்கும் கோழைப் படலத்துக்குள் நீந்திப் போய்விடும். பெரும்பாலும் அங்கேதான் குடித்தனம். வெள்ளையணுக்களோ சுவருக்கு இந்தப் பக்கம், ரத்தக்குழாய் வழியாக வருபவை.

சுவரின் மேல் செல்கள் சும்மா இருப்பதில்லை. சில வகைக் கிருமிகளிடம் ஊசி போன்ற ஒரு அமைப்பு இருக்கிறது. அதைக்கொண்டு 'காக்-ஏ' என்ற புரதத்தை அந்த செல்லுக்குள் ஏற்றிவிடும். தொந்தரவுக்குள்ளான செல் 'இன்டர்லூகின்-8' என்ற ரசாயனத்தைச் சுரக்கும். நியூட்ரோஃபில்களுக்கு அதுதான் அழைப்பு. அவை சுவரைத் துளைத்துக்கொண்டு சுரப்பிகளின் வாய்க்குள் வந்து நிற்கும். அங்கே வந்து ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான கடுமையான பொருள்களையும், புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் கொட்டும். கிருமியிடம் அதை முறிக்கும் நொதி இருக்கிறது. உங்கள் இரைப்பைச் செல்களால் அந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்க முடியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை கேட்டிருப்பீர்கள். இங்கே வீடும் எரிகிறது, மூட்டைப்பூச்சியும் சுவர் இடுக்கில் பத்திரமாக இருக்கிறது.

அடுத்து வருவது மேக்ரோஃபேஜ். விழுங்கிச் செரிப்பது அதன் தொழில். இந்தக் கிருமியை விழுங்கினாலும் சில சமயம் கொல்ல முடிவதில்லை. மேக்ரோஃபேஜ் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்க ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும். கிருமி அதையே தனக்கு இழுத்துக்கொள்ளும். பிறகு டி செல்கள் வந்து மற்றவற்றைத் தூண்டிவிடும். கிருமி சுரக்கும் 'வேக்-ஏ' என்ற நச்சு டி செல்கள் பெருகுவதையே தடுக்கும். இன்னொரு பக்கம், சண்டை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள நம் உடம்பிலேயே 'அடக்கும்' டி செல்கள் உண்டு. குழந்தைகளின் இரைப்பையில் இவை அதிகம் வேலை செய்வதால், கிருமி இருந்தும் அழற்சி குறைவாக இருக்கும். பெரியவர்களில் தராசு சாய்ந்துவிடும். முழுமூச்சாகச் சண்டையும் இல்லை, முழு சமாதானமும் இல்லை. பல வருடம் இப்படியே இழுக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இந்த இழுபறிதான்.

ஆன்டிபாடி விஷயமும் இதோடு சேர்ந்ததே. பிளாஸ்மா செல்கள் கிருமிக்கு எதிரான புரதமான ஆன்டிபாடியைத் தயாரித்திருக்கின்றன, அதனால் ரத்தத்தில் பாசிட்டிவ். அம்மைக்கு வந்த ஆன்டிபாடி போல இது காப்பாற்றாது. இந்த நோயில் ஆன்டிபாடியும் இருக்கும், கிருமியும் இருக்கும். கிருமியை ஒழித்த பிறகும் அது ரத்தத்தில் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே ஜெயித்தோமா இல்லையா என்பதை அந்த ரத்தப் பரிசோதனை சொல்லாது. அதற்காக இன்னொரு முறை பணம் கட்டாதீர்கள்.

லிம்பாய்டு ஃபாலிக்கிள்

நல்ல இரைப்பையில் இது இருக்காது. டான்சிலில், குடலில் இருக்கும். பி செல்கள் கூடிப் பயிற்சி எடுக்கும் சின்னத் திண்டு அது. வருடக்கணக்கில் கிருமி இருந்தால் இரைப்பையிலும் அப்படி ஒரு முகாம் உருவாகும். இந்தக் கிருமி உள்ளவர்களின் துணுக்குகளில் அதை அடிக்கடி பார்க்கிறோம்.

நீங்கள் கூகுளில் படித்த லிம்ஃபோமாவும் பொய்யில்லை. வெகு சிலருக்கு அந்த முகாமிலிருந்து 'மால்ட் லிம்ஃபோமா' என்ற மெதுவாக வளரும் புற்றுநோய் வரலாம். ஆனால் ஃபாலிக்கிள் இருப்பதும் லிம்ஃபோமா இருப்பதும் ஒன்றல்ல. உங்கள் ரிப்போர்ட்டில் லிம்ஃபோமாவுக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆரம்ப நிலையில் அந்த லிம்ஃபோமா வந்தவர்களுக்கே கிருமியை மட்டும் ஒழித்தால் பெரும்பாலோருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. 1993-ல் லண்டனில் முதன்முதலாகக் காட்டினார்கள். தூண்டிவிடும் கிருமி போனதும் அந்த செல்களுக்கு வேலை இல்லாமல் போகிறது. உங்களுக்கு வந்திருப்பது அதற்கெல்லாம் வெகு முன்னாடி.

மாத்திரைக்கு வருவோம்

நீங்கள் பயந்ததில் தப்பில்லை. கறுப்பாகப் போகும், வாய் கசக்கும் என்று சீட்டு எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமையும்கூட.

வாயில் இரும்பை நக்கியது போன்ற கசப்பு, அந்த நான்கு மாத்திரைகளில் ஒன்றான மெட்ரோனிடசோலால் வருவது. மலம் கறுப்பானது இன்னொன்றான பிஸ்மத்தால், நாக்குகூடக் கறுக்கலாம். இரண்டும் மருந்து முடிந்ததும் போய்விடும். ரத்தம் கசிந்து வரும் கறுப்பு வேறு மாதிரி: தார் போலப் பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு, பெரும்பாலும் தளர்ந்து போகும். தலைசுற்றல், படபடப்பு கூடவே வரலாம். அப்படி இருந்தால் காத்திருக்கக் கூடாது.

ஐந்து நாளில் நிறுத்தியதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துக்கு எளிதில் சாகும் கிருமிகள் செத்துப்போய், தாக்குப்பிடிப்பவை மிஞ்சியிருக்கலாம். ஆகவே வீட்டில் மீதமிருக்கும் ஒன்பது நாள் மாத்திரையை நீங்களாக எடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது கணக்கில் சேராது. மீதி அட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், எத்தனை நாள் எடுத்தீர்கள், எதற்காக நிறுத்தினீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது சளிக்கோ நெஞ்சு நோய்க்கோ கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், லிவோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த வகை மருந்தை மறுபடி நம்ப முடியாது. பிஸ்மத்தையும், உங்களுக்குத் தந்த இன்னொரு மருந்தான டெட்ராசைக்ளினையும் இந்தக் கிருமி தாக்குப்பிடிப்பது அரிது. அதனால் உங்களுக்குத் தந்த அதே நான்கு மருந்துக் கூட்டணியை முழு 14 நாள் புதிதாகத் தொடங்கச் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது.

உங்கள் விட்டமின் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. துத்தநாகம், இரும்பு, கால்சியம் இவை டெட்ராசைக்ளினோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாமல் செய்யும். எதிர்ப்பு சக்திக்கு என்று நீங்கள் போடும் மாத்திரையே கிருமி மருந்தைக் கெடுக்கும். அந்த 14 நாளும் அது வேண்டாம். பாலும், ரோஸ் நிற ஆன்டாசிட் திரவமும் டெட்ராசைக்ளின் வேளையில் வேண்டாம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாயில் புண் வரலாம். மது பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மருந்து நாள்களிலும் முடிந்து மூன்று நாள் வரையிலும் தொடாதீர்கள், மெட்ரோனிடசோலோடு சேர்ந்தால் சிலருக்குக் கடும் வாந்தி வரும்.

கஷாயம் குடிப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. இந்த மருந்துக்குப் பதிலாக அதைக் குடிப்பதுதான் பிரச்சினை. என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் போடாத பவுடரை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

"மருந்தே வேண்டாம், இப்படியே இருந்துவிட்டால் என்ன?" என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். இந்தக் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க அல்சரும் வராது, புற்றுநோயும் வராது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல வருட அழற்சி, பிறகு சுரப்பி தேய்வு, பிறகு குடல்போல மாறுவது என்று படிப்படியாகப் போகும் பாதை அது. நீங்கள் முதல் படியில் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு அந்த நோய் வந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் சும்மா விடுவதை நான் ஏற்கமாட்டேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பது இரண்டு வாரக் கசப்பும், கொஞ்சம் வயிற்றுப்போக்கும்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். கோழைப் படலத்தைக் காக்கும் பொருள்களையே அது குறைத்துவிடும். கிருமியும் அதுவும் சேர்ந்தால் அல்சர் வரும் வாய்ப்பு ஒவ்வொன்றும் தனியாக இருப்பதைவிடக் கூடுதல். இடுப்பு வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும், அப்புறம் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

மருந்து முடிந்ததும்

கிருமி போய்விட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். யூரியா மூச்சுப் பரிசோதனை, இல்லையென்றால் மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) பரிசோதனை. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழிய வேண்டும். பேன்டோபிரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அந்த இரண்டு வாரம் எரிச்சல் தாங்கவில்லையென்றால் வேறு ஆன்டாசிட் கேளுங்கள்.

கிருமி போனதும் நியூட்ரோஃபில்கள் சில வாரத்தில் கலைந்துவிடும். லிம்போசைட்டுகள் ஒரு வருடம், அதற்கு மேலும்கூட அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பிறகு எப்போதாவது பயாப்ஸி எடுத்து 'க்ரானிக்' என்ற வார்த்தை மட்டும் வந்தால் பதறாதீர்கள். 'ஆக்டிவ்' போய்விட்டதா என்று பாருங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கிருமி ஒழிந்தாலும் எல்லோருக்கும் வயிற்று உப்புசமும் ஏப்பமும் முழுசாகப் போவதில்லை. உங்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல் நான் எந்த உறுதியும் தரமுடியாது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

- ரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, மேலே சொன்ன தார் மலம்
- விழுங்கும்போது அடைப்பது
- காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத வாந்தி
- ரத்தசோகை என்று பரிசோதனையில் வருவது

வீட்டில் மற்றவர்கள்

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்கிறீர்கள். பிள்ளைகளை இப்போது பரிசோதிக்க வேண்டாம். அழற்சி குறைவான வயது என்று முன்பே சொன்னேன், தேவையில்லாத ஆன்டிபயாடிக் அவர்களுக்கு நல்லதும் அல்ல. மனைவிக்கு நெஞ்செரிச்சலோ, சரியாகாத ரத்தசோகையோ இருந்தால் பார்க்கலாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து உங்களை ஒதுக்கத் தேவையில்லை. கை கழுவுவதும், குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருப்பதும் போதும்.

ஆனால் உங்கள் அண்ணனை விட்டுவிடாதீர்கள். தொந்தரவே இல்லையென்றாலும் அவர் ஒரு முறை மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்வது நல்லது. உங்களுக்குப் போலவே அவருக்கும் அப்பா வழி நோய் வரலாறு இருக்கிறது, சின்ன வயதில் இருவரும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.